வாங்குபவர் முதலில், அக்ரிமெண்ட் பிறகு

நிலத்தை விற்க விரும்பும் ஒருவரோடு விலை பேசி, சிறு தொகையை முன்பணமாகக் கொடுத்து, மூன்று மாதத்திலோ ஆறு மாதத்திலோ கிரயம் முடிப்பதாக உடன்படிக்கை எழுதிக்கொண்டு, அந்தக் கெடு தீர்வதற்குள் கூடுதல் விலை தரக்கூடிய இன்னொருவரைத் தேடிப்பிடித்து, உரிமையாளரிடமிருந்து நேரடியாக அவர் பெயருக்கே கிரயம் எழுத வைத்து, இடைப்பட்ட தொகையைத் தன் வருவாயாகப் பெறும் வழக்கம் தேனி மாவட்டத்தில் புதியதன்று. 'அக்ரிமெண்ட் போட்டுக் கைமாற்றிவிடுவது' என்று ஊர்வழக்கில் சொல்லப்படும் இதையே அமெரிக்காவில் 'ஹோல்சேலிங்' என்ற பெயரில் ஒரு தனித்தொழிலாக வளர்த்திருக்கிறார்கள். தரகுத் தொழிலோடு இதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. தரகர் இரு தரப்பையும் சந்திக்கவைத்து, கிரயத் தொகையில் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு என்ற கணக்கில் கமிஷன் பெறுகிறார். அவருடைய பணம் எதுவும் நிலத்தில் முடங்குவதில்லை. கைமாற்றுபவரோ தம் கைப்பணத்தை முன்பணமாகக் கட்டி, நிலத்தின் மீது தாமே ஒரு தரப்பாக நின்றுவிடுகிறார். கெடுவுக்குள் வாங்குபவர் கிடைக்காவிட்டால் அந்த முன்பணத்தை அவர் இழக்கிறார். அதைவிடப் பெரிய கேடாக, விற்க வேண்டிய நெருக்கடியில் இருந்த விவசாயியின் நிலம் அத்தனை மாதங்களும் வேறு யாருக்கும் விற்க முடியாமல் முடங்கிக் கிடக்கிறது.

இத்தொழிலில் புதிதாக இறங்குவோரில் பெரும்பாலோர் நிலத்திலிருந்து தொடங்குகிறார்கள். மலிவாக ஓர் இடம் வந்திருக்கிறது என்ற செய்தி காதில் விழுந்ததும் முன்பணம் கொடுத்துவிட்டு, அதன்பிறகே யாரிடம் விற்பது என்று யோசிக்கிறார்கள். இந்த வரிசை தவறானது. எந்தெந்தக் குடும்பம், எந்தெந்தத் தோட்டக்காரர், எந்தெந்த மனைப்பிரிவு முதலீட்டாளர் எத்தகைய நிலத்தை எந்த விலைக்குத் தேடுகிறார் என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தால்தான் ஒரு நிலத்தைப் பார்த்த மாத்திரத்தில் அது விலைபோகுமா, எவ்வளவுக்குப் போகும், எத்தனை நாளில் போகும் என்று மதிப்பிட இயலும். வாங்குவோரைப் பற்றிய அந்த அறிவே இத்தொழிலின் உண்மையான மூலதனம். அதைச் சேர்ப்பதற்குப் பணம் வேண்டியதில்லை. இம்மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கின் நிலத்தையும் நீரையும் மனிதரையும் பொறுமையாக அறிந்துகொள்ளும் உழைப்புதான் வேண்டும்.

இப்பள்ளத்தாக்கில் நிலத்தின் விலையைத் தீர்மானிப்பதில் தண்ணீருக்கே முதலிடம். 1895-இல் முல்லைப்பெரியாறு அணை கட்டி முடிக்கப்பட்டதன் பின் மேற்கே பாய்ந்த நீர் சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பியது. லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் நிலம் இன்று அந்நீரால் இருபோக நெல் விளையும் நஞ்சையாக இருக்கிறது. அதில் பெரும்பகுதி உத்தமபாளையம் வட்டத்திலும், எஞ்சியவை தேனி, போடி வட்டங்களிலும் அமைந்துள்ளன. இந்த ஆற்றுப்பாசன வயலைத் தேடுபவரும், 18-ஆம் கால்வாயை நம்பியிருக்கும் மேட்டுநிலத்தைத் தேடுபவரும், ஆழ்துளைக் கிணற்றோடு கூடிய தென்னந்தோப்பைத் தேடுபவரும், ஆண்டிபட்டிப் பக்கத்து மானாவாரிப் புஞ்சையைத் தேடுபவரும் வெவ்வேறு மனிதர்கள். நான்கு வகையினருக்கும் ஒரே செய்தியை அனுப்புகிற புதியவர் நான்கு பேரிடமும் மதிப்பை இழக்கிறார்.

எந்த நிலத்துக்கும் முதல் வாங்குபவர் பெரும்பாலும் பொழியை, அதாவது நில எல்லையை, ஒட்டியே இருக்கிறார். பக்கத்து நிலத்துக்காரருக்கு அந்த இடம் தரும் பயன் வேறு எவருக்கும் இல்லை: தம் தோட்டத்துக்கு வண்டிப்பாதை கிடைக்கும், பொதுக்கிணற்றில் இருக்கும் பங்கு முழுமையாகும், சொட்டுநீர்க் குழாயை ஒரே சீராக நீட்டலாம், காவலுக்குத் தனி ஆள் வேண்டியதில்லை. ஆகவே சந்தை விலையைவிடச் சற்றுக் கூடுதலாகக் கொடுக்கவும் அவர் தயங்குவதில்லை. பங்காளிகளிடமும் பக்கத்துக்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே வெளியாருக்கு விற்கும் வழக்கமும் இப்பகுதிக் கிராமங்களில் இன்னும் மறையவில்லை. அவர்களைக் கேட்காமல் விட்டால், பின்னாளில் பாதைத் தகராறாகவும் கிணற்றுத் தகராறாகவும் அது தலைதூக்கும். புல எண்ணுக்குரிய நிலஅளவை வரைபடத்தையும், அதில் அடங்கியுள்ள உட்பிரிவுகளின் பட்டாவையும் அரசின் நிலப்பதிவேட்டு இணையதளத்திலேயே பார்க்க முடிவதால், நான்கு பக்கமும் யாருடைய நிலம் என்பதை அறிய எவரையும் கெஞ்ச வேண்டியதில்லை. இந்த நான்கு பேரிடமும் பேசி முடிக்காமல் வெளியூர்ப் பார்ட்டியைத் தேடி அலைவது வீண்வேலை என்றே சொல்ல வேண்டும்.

பொழியைத் தாண்டினால், பள்ளத்தாக்கின் நிலச் சந்தையை அசைக்கும் பெரும்பணம் மலைக்கு மேலிருந்து வருகிறது. போடி, கம்பம், தேவாரம், உத்தமபாளையம் பகுதிகளைச் சேர்ந்த பல குடும்பங்களுக்கு இடுக்கி மாவட்டத்தில் ஏலக்காய்த் தோட்டங்கள் இருக்கின்றன. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய மூன்று வழிகளிலும் காலையில் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மேலே செல்வதும் மாலையில் இறங்குவதும் அன்றாடக் காட்சி. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் போடியிலும் கேரளத்தின் புற்றடியிலும் நடைபெறுகிறது. 2019 ஆகஸ்டில் இந்த ஏலத்தில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாய் வரை போனது. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே ஆயிரம் ரூபாய் அளவுக்குச் சரிந்தது. ஒரே குடும்பம் ஓர் ஆண்டில் கீழே தோப்பு வாங்குவதும், இன்னோர் ஆண்டில் அதே தோப்பை விற்க நினைப்பதும் இத்தகைய ஏற்ற இறக்கத்தால் நேர்வன. எனவே நிலம் விற்கப் புறப்படும் புதியவர் ஏலக்காய் விலையைத் தினமும் கவனிப்பவராக இருக்க வேண்டும். அறுவடை முனைப்பாக நடந்து பணம் புழங்கும் மாதங்களில் ஒரு தோட்டக்காரரை அணுகுவதற்கும், உரத்துக்கும் மருந்துக்கும் கூலிக்கும் செலவழித்துக் கையிருப்புக் குறைந்த கோடையில் அணுகுவதற்கும் கிடைக்கும் பதில் ஒன்றாக இருக்காது.

கம்பம், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ராயப்பன்பட்டி வட்டாரங்களில் பன்னீர்த் திராட்சை பயிரிடுவோர் இன்னொரு வகை வாங்குவோர். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தத் திராட்சைக்குப் பந்தல் செலவு மிகுதி என்பதால், பந்தல் நின்றுகொண்டிருக்கும் நிலமா, கல்தூணும் கம்பியும் எந்த நிலையில் இருக்கின்றன, தண்ணீரின் தன்மை என்ன என்பவற்றையே அவர்கள் முதலில் கேட்பார்கள். சின்னமனூர்ப் பக்கத்து வாழை விவசாயியோ வண்டல் மண்ணையும், காற்றடிக்கும் திசையையும், லாரி வந்து தார் ஏற்றும் பாதையையும் பார்ப்பார். ஆண்டிபட்டி, கண்டமனூர்ப் பகுதிகளில் காற்றாலைகளுக்காக நிலம் திரட்டப்பட்ட காலத்தில் துண்டு துண்டான புஞ்சைகளைச் சேர்த்துத் தருபவர்களுக்கே வேலை இருந்தது.

சம்பளக்காரர்கள் தேடுவது வீட்டுமனை. தேனி அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்களும் செவிலியர்களும், ஆசிரியர்களும் காவலர்களும், ஓய்வுக்கால வைப்பு நிதியைக் கையில் வாங்கியவர்களும் வங்கிக் கடன் கிடைக்கக்கூடிய அங்கீகாரம் பெற்ற மனையைத் தவிர வேறு எதையும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. மதுரை–தேனி அகல ரயில்பாதை 2022 மே மாதத்திலும் அது போடிவரை 2023 ஜூனிலும் பயன்பாட்டுக்கு வந்த பின், நிலையத்துக்குப் பக்கம் என்ற ஒரே காரணத்தைச் சொல்லி மனை விற்க முயல்வோர் பெருகியிருக்கிறார்கள். ஆனால் அங்கீகாரம் இல்லாத மனையின் பக்கத்தில் எத்தனை ரயில் நின்றாலும் பதிவாளர் அதைப் பதியமாட்டார். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்குத் தடை விதித்ததும், அதைத் தொடர்ந்து 2017-இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்ததும் இச்சந்தையின் போக்கையே மாற்றிய நிகழ்வுகள். 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைப்பிரிவுகளுக்கு மட்டுமே அவ்விதிகள் வழிவிட்டன என்பதை அறியாமல், வயலைப் பிளாட்டாகப் பிரித்துக் கல் நட்டவரிடம் அக்ரிமெண்ட் போட்ட புதியவருக்கு வாங்குபவர் கிடைக்கப் போவதில்லை.

கம்பம், உத்தமபாளையம் பகுதிகளிலிருந்து வளைகுடா நாடுகளில் வேலை பார்ப்போரின் பணம் இங்குள்ள நிலச் சந்தையில் கணிசமாக இறங்குகிறது. இவர்களை அணுகுமுன் ஒரு சட்டத்தைத் தெரிந்துகொள்வது இன்றியமையாதது. அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின்படி, வெளிநாடுவாழ் இந்தியர் இந்தியாவில் வீடும் வீட்டுமனையும் வணிகக் கட்டடமும் வாங்கலாம். விவசாய நிலமோ தோட்டநிலமோ பண்ணை வீடோ விலைகொடுத்து வாங்க இயலாது. துபாயில் இருப்பவருக்குத் தென்னந்தோப்பின் காணொளியை அனுப்பி ஆசை காட்டும் தரகர், தாம் விற்கமுடியாத பொருளை விற்கிறார்; வாங்குபவரையும் சிக்கலில் மாட்டுகிறார். ஊரில் இருக்கும் குடும்பத்தினர் எவர் பெயரில், எந்தப் பணத்தில் வாங்கலாம் என்பது வழக்கறிஞரிடம் கேட்டுத் தீர்மானிக்க வேண்டிய காரியம். அதைத் தரகர் தம் வாயால் உறுதி சொல்லக் கூடாது.

மனைப்பிரிவு போடும் முதலீட்டாளர்கள் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் திரும்பத் திரும்ப வாங்குபவர்கள். அவர்களில் ஒருவருடைய நம்பிக்கையைப் பெற்றாலும் போதும், ஆண்டுக்கணக்கில் வேலை இருக்கும். அவர்கள் கேட்பது சாலை முகப்பு எத்தனை அடி, நஞ்சையா புஞ்சையா, நிலப்பயன்பாட்டு மாற்றம் கிடைக்குமா, நீர்வரத்து ஓடை குறுக்கே போகிறதா என்பன போன்ற கேள்விகளே. மலையடிவாரக் கிராமங்களில் இக்கேள்விகளோடு மேலும் ஒன்று சேர்கிறது. மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் வரம்புக்குள் வரும் கிராமமாக இருந்தால் அதன் இசைவில்லாமல் மனைப்பிரிவு எழாது. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டபின் வன எல்லையை ஒட்டிய இடங்களில் இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகியிருக்கிறது.

யார் வாங்குவார்கள் என்று இப்படிப் பொதுவாக அறிந்தபின், பெயரும் முகவரியும் உள்ள மனிதர்களைக் கண்டடைவது அடுத்த நிலை. அமெரிக்க ஹோல்சேலர்கள் பொதுப்பதிவேடுகளைப் புரட்டி, அண்மையில் கடனின்றி ரொக்கத்துக்கு வீடு வாங்கியவர்களின் பட்டியலைத் தயாரிக்கிறார்கள். அதற்கு இணையான, இன்னும் எளிய வழி தமிழ்நாட்டில் உண்டு. பதிவுத்துறையின் இணையதளத்தில் புல எண்ணைக் கொடுத்து வில்லங்க விவரத்தை, அதாவது அந்த நிலத்தின் மீது குறிப்பிட்ட காலத்தில் பதிவான கிரயம், அடமானம், தானம் முதலிய எல்லா ஆவணங்களின் சுருக்கத்தையும், கட்டணமின்றிப் பார்க்கலாம். விற்கவேண்டிய நிலத்தைச் சுற்றியுள்ள பத்துப் பதினைந்து புல எண்களுக்குக் கடந்த ஐந்தாண்டு வில்லங்கத்தைப் பார்த்தால், அந்த வட்டாரத்தில் யார் வாங்கிச் சேர்க்கிறார்கள் என்பது தெளிவாகத் தெரிந்துவிடும். ஒரே பெயர் மூன்று நான்கு கிரயங்களில் வாங்குபவராக வந்தால், அவர் நிலம் தொகுப்பவர். ஒரே பெயர் வாங்குபவராகவும் சில மாதங்களில் விற்பவராகவும் வந்தால், அவர் முதலீட்டாளர். ஆவணத்தில் காட்டப்பட்ட கிரயத் தொகை பெரும்பாலும் அரசின் வழிகாட்டி மதிப்பை ஒட்டியே இருக்குமாதலால், அதைச் சந்தை விலை என்று எடுத்துக்கொள்வது மட்டும் பிழையாகும்.

பெயர் கிடைத்தாலும் தொலைபேசி எண் அங்கே கிடைக்காது; கிடைக்காமலிருப்பதே நல்லது. அந்த மனிதரை அறிந்த ஒருவர் வழியாகச் செல்லும்போதுதான் பேச்சு நிலைக்கிறது. தேனி, பெரியகுளம், போடி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் ஆகிய ஊர்களின் சார்பதிவாளர் அலுவலகங்களைச் சுற்றியிருக்கும் பத்திர எழுத்தர்களுக்கு யாரிடம் பணம் இருக்கிறது, யார் சொன்ன தேதியில் கிரயத்துக்கு வருவார், யார் அக்ரிமெண்ட் போட்டுவிட்டு இழுத்தடிப்பார் என்பதெல்லாம் மனப்பாடம். உரக்கடைக்காரர், தேங்காய் மண்டிக்காரர், ஏலக்காய்க் கடைக்காரர், போர்வெல் வண்டி வைத்திருப்பவர், தனியார் நில அளவையாளர் ஆகியோரும் அப்படியே. யார் புதிதாக ஆழ்துளைக் கிணறு போடுகிறார், யார் ஒரே நேரத்தில் ஐந்நூறு தென்னங்கன்று கேட்டார் என்ற செய்திகள் அடுத்து நிலம் வாங்கப் போகிறவர் யார் என்பதைச் சொல்லிவிடுகின்றன. இவர்களிடம் போகும் புதியவர் முதல் நாளிலேயே பார்ட்டி கேட்கக் கூடாது. அவர்களுக்குப் பயன்படும் செய்தி ஏதேனும் தம்மிடம் இருக்கும்போது அதைக் கொடுத்துப் பழகியவருக்கே பின்னர் செய்தி திரும்பி வரும். பேச்சு முடிந்தால் அவர்களுக்குச் சேர வேண்டிய பங்கைத் தாமதமின்றிக் கொடுத்துவிட வேண்டும்.

மூத்த தரகர்களைப் போட்டியாளராக நினைப்பதும் புதியவர்களிடம் காணப்படும் பிழை. வாங்குபவர் அவர்களிடமும் நிலம் இவரிடமும் இருக்கும்போது கமிஷனைப் பகிர்ந்துகொள்வதே வழக்கம். ஆனால் ஒரே நிலத்துக்கு நான்கைந்து பேர் சங்கிலியாகச் சேர்ந்து, ஒவ்வொருவரும் தம் பங்குக்கு விலையை ஏற்றிச் சொன்னால், கடைசியில் அது வாங்குபவர் காதில் விழும்போது உரிமையாளர் கேட்ட தொகைக்கும் அதற்கும் பொருத்தமே இராது. ஒருவருக்கு மேல் இடையில் சேராமல் பார்த்துக்கொள்வதும், உரிமையாளர் சொன்ன விலையும் கமிஷனும் தனித்தனியே தெரியும்படி பேசுவதும் இந்த நோயைத் தடுக்கும்.

வாங்குபவரோடு பேசும் முறையில் ஒருவருடைய பயிற்சியும் பண்பும் வெளிப்பட்டுவிடும். பகலில் தோட்டத்தில் இருப்பவரை மதியம் பன்னிரண்டு மணிக்கு அழைப்பது வீண். மலையில் பல இடங்களில் சிக்னலும் இராது. அவர் இறங்கி வந்து குளித்துச் சாப்பிட்ட பிறகு, முன்னிரவில், அல்லது ஞாயிற்றுக்கிழமை காலையில் அழைப்பதே முறை. வயதில் மூத்தவரை 'ஐயா' என்றும், சற்று மூத்தவரை 'அண்ணே' என்றும், பெண்களை 'அம்மா', 'அக்கா' என்றும் அழைத்து, தம் பெயரையும் ஊரையும் யார் சொல்லி அழைக்கிறோம் என்பதையும் முதல் மூச்சிலேயே தெரிவித்துவிட்டு, இப்போது பேசலாமா என்று கேட்க வேண்டும். முதல் அழைப்பில் நிலத்தை விற்க முயல்வதைவிட, அவர் எத்தகைய இடம் தேடுகிறார், எந்த ஊர், எத்தனை ஏக்கர், எந்த விலைக்குள், எப்போது கிரயம் முடிக்க இயலும் என்று கேட்டுக் குறித்துக்கொள்வதே பயன் தரும். தேடவில்லை என்று அவர் சொன்னால் நன்றி கூறி முடித்துக்கொண்டு, தேடும்போது சொல்லுமாறு கேட்டுக்கொள்வது போதும். மறுவாரமே மீண்டும் அழைத்தால், அழைப்பவரின் எண்ணையே அவர் தடைசெய்துவிடுவார்.

குறிப்பெழுதும் பழக்கம் இல்லாதவருக்கு இத்தொழில் கைகூடாது. ஒவ்வொரு வாங்குபவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, அவர் பார்த்த இடம், வேண்டாமென்று சொன்ன காரணம், பணம் எங்கிருந்து வரும் என்று அவர் சொன்னது ஆகிய மூன்றையும் எழுதி வர வேண்டும். வேண்டாமென்று சொன்ன காரணமே மிக மதிப்புடையது. பாதை குறுகல் என்று ஒருவர் ஒதுக்கிய இடத்தை, பாதை தேவைப்படாத பக்கத்துத் தோட்டக்காரர் எடுத்துக்கொள்ளலாம். கையில் பணம் இருப்பவர் யார், இன்னொரு இடத்தை விற்றுத்தான் வாங்கவேண்டியவர் யார், வங்கிக் கடனை எதிர்பார்ப்பவர் யார் என்று பிரித்தறியாமல் மூவருக்கும் ஒரே கெடுவைச் சொல்லும்போதுதான் அக்ரிமெண்ட் காலாவதியாகிறது. ஆடி மாதத்தில் கிரயம் பேசத் தயங்குவோர் இன்றும் பலர் என்பதையும், சுபமுகூர்த்த நாள்களில் பதிவுக்குக் கூட்டம் சேர்வதால் பதிவுத்துறையே கூடுதல் டோக்கன்கள் வழங்குகிறது என்பதையும் கெடு வைக்கும்போதே கணக்கில் எடுத்துக்கொள்வது நல்லது.

வாட்ஸ்அப் இன்று எல்லாருடைய கையிலும் இருப்பதால், நூற்றுக்கணக்கானோருக்கு ஒரே நொடியில் நிலத்தின் படத்தை அனுப்பிவிடலாம் என்று தோன்றும். அனுப்புபவரின் எண்ணைத் தம் கைபேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே ஒலிபரப்புப் பட்டியலின் செய்தி போய்ச் சேரும். அறிமுகம் இல்லாதவருக்கு அது எட்டாது. பதிவு செய்துகொள்ளாத சாதாரண எண்ணிலிருந்து மொத்தமாக விளம்பர அழைப்பும் குறுஞ்செய்தியும் அனுப்புவது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விதிமுறைகளுக்கு முரணானது. பெற்றவர் 1909 என்ற எண்ணில் புகார் செய்தால் இணைப்பே துண்டிக்கப்படலாம். விலைகொடுத்து வாங்கும் கைபேசி எண் பட்டியல்களை நம்புவது இதனினும் மோசம். இருபது பேர் கொண்ட, ஒவ்வொருவருடைய தேவையும் தெரிந்த பட்டியலுக்கு ஆயிரம் எண்கள் ஈடாகா.

அனுப்பும் செய்தியில் இருக்கவேண்டியவை தெளிவானவை: கிராமத்தின் பெயர், புல எண், பரப்பு, நஞ்சையா புஞ்சையா, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கிணற்றில் எத்தனை பங்கு, விவசாய மின் இணைப்பு யார் பெயரில், பாதை பட்டாவில் உள்ளதா அல்லது வாய்மொழி வழக்கா, உரிமையாளர் ஒருவரா பலரா, கேட்கும் விலை என்ன. படம் எடுக்கும்போது பசுமையான மூலையை மட்டும் எடுக்காமல் பாதையையும் கிணற்றையும் நான்கு எல்லைகளையும் எடுக்க வேண்டும். 'டாக்குமென்ட் கிளியர்' என்று எழுதுமுன் தாய்ப்பத்திரம் முதல் இன்றைய பட்டா வரை ஒரு வழக்கறிஞர் படித்திருக்க வேண்டும். ஒடுக்கப்பட்ட மக்களுக்கென ஆங்கிலேயர் காலத்தில் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம், கோயில் நிலம், பூதான நிலம், வாரிசுகளில் ஒருவர் கையெழுத்திடாத பூர்வீக நிலம் ஆகியவற்றை அறிந்தோ அறியாமலோ பார்ட்டிக்குக் காட்டியவரிடம், அந்தப் பார்ட்டி இரண்டாம் முறை நிலம் கேட்கமாட்டார். பஞ்சமி நிலத்தைப் பொறுத்தவரை இது தொழில் நஷ்டத்தோடு நிற்பதன்று. ஏழை மக்களிடமிருந்து அவர்களுக்குரியதைப் பறிக்கும் செயலுக்கு உடந்தையாவதாகும்.

இனி, கைமாற்றும் முறையின் சட்ட நிலையைப் பார்க்க வேண்டும். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்தின் 54-ஆம் பிரிவின்படி, கிரய உடன்படிக்கை அந்தச் சொத்தில் எந்த உரிமையையும் தானாகத் தோற்றுவிப்பதில்லை. கிரயம் செய்து தருமாறு கோரும் உரிமையை மட்டுமே தருகிறது. ஆகவே கைமாற்றுபவர் விற்பது நிலத்தையன்று, அந்த உடன்படிக்கையின் பயனை. உடன்படிக்கையில், தம் பெயருக்கோ தாம் குறிப்பிடும் நபரின் பெயருக்கோ கிரயம் எழுதித்தரச் சம்மதம் என்ற வாசகம் இருந்தால்தான் இது சிக்கலின்றி நடக்கும். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் இத்தகைய கிரய உடன்படிக்கைகளைப் பதிவு செய்தாக வேண்டும். வெறும் முத்திரைத்தாளில் எழுதிப் பெட்டியில் பூட்டி வைக்கும் பழைய வழக்கத்தை நம்பிப் பணம் கட்டுவது அறிவுடைமை அன்று. பதிவான உடன்படிக்கை வில்லங்கத்தில் தெரியும் என்பதால், வாங்க வருபவர் இடையில் ஒருவர் இருப்பதை முதல் நாளே அறிந்துவிடுவார். மறைக்க முயல்பவரின் பொய்தான் அங்கே வெளிப்படும்.

தாமே ஒருமுறை கிரயம் வாங்கி மறுபடி விற்கலாமே என்று கேட்கத் தோன்றும். 2023 ஏப்ரல் முதல் தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 7, பதிவுக் கட்டணம் நூற்றுக்கு 2; முப்பது லட்ச ரூபாய் நிலத்துக்கு இரண்டு லட்சத்து எழுபதாயிரம் ரூபாய் இதற்கே போய்விடும். இரு கிரயங்களுக்கும் இப்படிச் செலவழிப்பதைத் தவிர்க்கவே உடன்படிக்கை முறையையும், பொது அதிகார ஆவணம் எனும் 'பவர்' முறையையும் பலர் நாடுகிறார்கள். பவர் என்பது உரிமையாளரின் சார்பில் செயல்படும் அதிகாரமே தவிர உரிமை மாற்றமன்று என்பதை உச்ச நீதிமன்றம் 2011 அக்டோபரில் சூரஜ் லேம்ப் வழக்கில் ஐயமற உரைத்திருக்கிறது. முன்பணத்தை ரொக்கமாகக் கொடுப்பதிலும் ஆபத்து உண்டு. அசையாச் சொத்துக்காக இருபதாயிரம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக முன்பணம் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. மீறினால் பெற்றுக்கொண்டவர் மீது அதே அளவு தொகை அபராதமாக விழக்கூடும். இரு தரப்பினருக்கும் விவசாய வருமானம் இருந்து, வரிக்குரிய வேறு வருமானம் எவருக்கும் இல்லாதபோது மட்டுமே இதிலிருந்து விலக்கு. ரொக்கமாகக் கொடுத்துப் பழகிய கைமாற்றுபவர் தண்டனையை விவசாயியின் தலையில் சுமத்துகிறார் என்பது இதன் பொருள்.

ஐநூறு சதுர மீட்டருக்கு, அதாவது ஏறத்தாழ பன்னிரண்டே கால் சென்டுக்கு, மேற்பட்ட மனைப்பிரிவுத் திட்டங்கள் 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வருகின்றன. அத்தகைய திட்டத்தின் மனைகளை விற்க உதவுபவர் ஒழுங்குமுறை ஆணையத்தில் முகவராகப் பதிவு செய்திருக்க வேண்டும். தனியார் ஒருவரின் தோப்பையோ வயலையோ விற்க உதவுவதற்கு இந்தப் பதிவு தேவைப்படுவதில்லை என்பதால்தான் விவசாய நிலச் சந்தையில் பொறுப்பற்றவர்கள் எளிதாக நுழைந்துவிடுகிறார்கள். அமெரிக்காவிலும் இந்நிலையே இருந்தது. வீட்டின் மதிப்பறியாத முதியோரிடம் அடிமாட்டு விலைக்கு ஒப்பந்தம் எழுதி வாங்கியது குறித்த புகார்கள் பெருகியபின், இலினாய்ஸ் மாநிலம் 2019-இல் உரிமத்தைக் கட்டாயமாக்கும் வகையில் சட்டத்தைத் திருத்தியது. ஓக்லஹோமா 2021-இல் இதற்கெனத் தனிச்சட்டமே இயற்றியது. தமிழ்நாட்டில் விவசாய நிலத் தரகுக்கும் எளிய பதிவுமுறை ஒன்று வருவது நேர்மையான தரகருக்கே முதலில் நன்மை செய்யும்.

சட்டம் ஏற்கெனவே சொல்லியிருக்கும் ஒன்றையாவது புதியவர் மனத்தில் இருத்த வேண்டும். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 215, 216-ஆம் பிரிவுகள், ஒருவருக்கு முகவராக இருந்துகொண்டு அவர் அறியாமல் அதே காரியத்தில் தம் சொந்தக் கணக்கில் இலாபம் பார்ப்பவரிடமிருந்து அந்த இலாபத்தைக் கோரவும், சூழ்நிலையைப் பொறுத்து அந்த நடவடிக்கையையே மறுக்கவும் அவரை முகவராக அமர்த்தியவருக்கு உரிமை தருகின்றன. 'உங்களுக்காக விற்றுத் தருகிறேன்' என்று விவசாயியிடம் சொல்லிவிட்டுத் தாமே குறைந்த விலைக்கு அக்ரிமெண்ட் எழுதிக்கொள்பவர் இந்தக் கோட்டைத் தாண்டுகிறார். மகள் திருமணம், மருத்துவச் செலவு, அடகுக் கடனின் கெடு என்று ஏதோ ஒரு நெருக்கடியில்தான் இப்பள்ளத்தாக்கில் பலர் நிலத்தை விற்கிறார்கள். தாம் தரகரா, கைமாற்றுபவரா என்பதை அவர்களிடம் முதல் பேச்சிலேயே சொல்லிவிடுவதும், முன்பின் அனுபவமில்லாத முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் தரகராக மட்டுமே இருந்து கமிஷனோடு நின்றுகொள்வதும்தான் சரியான வழி. முப்பது லட்ச ரூபாய் நிலத்துக்கு நூற்றுக்கு இரண்டு என்றாலும் அறுபதாயிரம் ரூபாய் கிடைக்கிறது. அதோடு, கைப்பணத்தை இழக்காமல், வாங்குபவர் பட்டியலும் ஊரில் பெயரும் சேர்கின்றன.

அதன்பின் அக்ரிமெண்ட் போடத் துணிபவர், வாங்குவதாக உறுதி சொன்ன இருவரேனும் பட்டியலில் இருக்கும்போது மட்டும், தாங்கக்கூடிய முன்பணத்தோடும் குறுகிய கெடுவோடும் போடட்டும். கெடு முடிந்து பார்ட்டி வராவிட்டால், விவசாயியை நீதிமன்றத்துக்கு இழுக்கப் போவதாக மிரட்டாமல், தம் செலவிலேயே சார்பதிவாளர் அலுவலகத்துக்குச் சென்று ரத்துப் பத்திரத்தில் கையெழுத்திட்டு நிலத்தை விடுவித்துத் தரட்டும்.